எலுமிச்சம்பழத்துக்குக் காட்டிய சிவப்புக்கொடி

திருப்பதி,
செவ்வாய்க்கிழமை

குவைத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் எழிலரசன் அவர்களுக்கு,

சந்தியா எழுதுவது. நானும் அகிலாவும் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். இந்த இரண்டு நாளாகக் கோபத்தோடு ஏற்றுகிறேன், ஆனாலும் ஏற்றுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் நாலு வார்த்தை பேசிவிடுகிறீர்கள். அடுத்த வார்த்தைக்கு நான் வாயைத் திறந்தால், டூட்டிக்கு பஸ்ஸு வந்துட்ச்சு, அப்பறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. லீவு முடிந்து நாளைக்குக் கிளம்பும் அண்ணாதுரை அண்ணனிடம் மாங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை அப்புறம் திறங்கள், முதலில் இதைப் படியுங்கள். அகிலா பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இங்கிலீஷும்தான். தமிழ் வாய் நிறையப் பேசுவாளே தவிர எழுத்துக் கூட்ட வராது. அதை நினைத்து எவ்வளவோ வருத்தப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பார்க்கில் நடந்ததைச் செங்கல்வராயன் சித்தப்பா உங்களுக்குச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் சித்தூரில் மாம்பழக்கூழ் பேக்டரியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். பார்க்கில் இல்லவே இல்லை. பேக்டரிக்கும் பார்க்குக்கும் முதலாளி ஒருவரே, ரமணா சார். அவர் சொன்னதை இவர் கேட்டு, இவர் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். எஞ்சினில் உட்கார்ந்திருந்தவள் நான். என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

என் வேலை என்ன என்று உங்கள் ரூமில் இருப்பவர்கள் கேட்டால் நீங்கள் என்ன சொல்கிறீர்களோ தெரியாது. பார்க்கில் பொம்மை ரயில் ஓட்டுகிறாள் என்று சொல்லியிருப்பீர்கள். அது பொம்மை இல்லை. நிஜத் தண்டவாளம், நிஜச் சக்கரம், நிஜப் பிரேக்கு. அளவுதான் சின்னது, பெட்டி மேல் குதிரையில் உட்காருகிற மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். ரேணிகுண்டாவில் கிளம்பி, பாகாலாவில் நின்று, சித்தூர் போய்ச் சேருவோம். மூன்று ஊரும் பார்க்கில் இருக்கும் ஒரே மாமரத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். சும்மா ஏற்றிச் சுற்றி இறக்கிவிடாமல் அவர்களுக்கு ரயில் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கலாமே என்று ரமணா சாரிடம் கேட்டது நான்தான். அவருக்கும் பிடித்திருந்தது. பார்க் வாசலில் என் போட்டோ போட்டு போர்டு வைத்தவர் அவர். இல்லாததைச் சொல்லக் கூடாது.

பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, ரயிலுக்கு ஒதுங்கத் தெரியாது என்பதைத்தான். பைக் ஒதுங்கும், மாடு ஒதுங்கும், குடித்துவிட்டு வருகிறவன்கூட ஒதுங்குவான். ரயில் ஒதுங்காது, நினைத்த இடத்தில் நிற்கவும் நிற்காது. அதனால் பார்க்கிறவன் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கையில் சிவப்புக்கொடி இருந்தால் கொடி. இல்லாவிட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கு. யார் காட்டினாலும் டிரைவர் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டுத்தான் ஏன் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத் திட்டக் கூடாது. எங்கள் நைனா நகரிப் பக்கத்து ரயில்வே கேட்டில் வேலையில் இருந்தபோது நான் பார்த்துப் பழகியது இவ்வளவுதான். எனக்கு இதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கேட்டுக்காரன் பொண்ணு, வாயை மட்டும் மூடத் தெரியாது என்று உங்கள் அக்கா சொல்வாரே, அந்தப் பெருமையும் எனக்கு உண்டு.

ஆரம்பத்தில் பிள்ளைகள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கொடி கையில் கிடைத்ததும் அணில் ஓடினால் சிவப்பு, ஐஸ்கிரீம் பேப்பர் பறந்தால் சிவப்பு. ஒருத்தி சிவப்புக் காட்டி நிறுத்தி, எங்க டீச்சரம்மா பெஞ்ச்சு மேல தூங்கிகினு கீறாங்க என்றாள். எல்லாவற்றுக்கும் நிறுத்தினேன். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். சரி, ஒன்றும் இல்லை, பச்சை காட்டு என்று மறுபடி கிளம்பினேன். கொஞ்ச நாளில் அவர்களாகவே விளையாட்டை விட்டுவிட்டுக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருமுறை புளியங்கொட்டை அளவு ஜல்லியைப் பார்த்து ஒரு பையன் நிறுத்தினான். நம் வண்டிச் சக்கரத்துக்கு அந்த ஜல்லி போதும், தூக்கிப் போட்டிருக்கும்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். புது எஞ்சினுக்குப் பூஜை. நம் பக்கத்துத் தலைவர் ஒருவரும், அவர் வீட்டம்மாவும், பேரனும் வந்திருந்தார்கள். முதல் பெட்டியில் மூவரும் உட்கார்ந்தார்கள். வீடியோவுக்கு அழகாக இருக்கும், உன் பொண்ணுக்கே தொப்பி போட்டு கொடி கொடு என்று சொன்னவர் ரமணா சார்தான். அகிலா அன்றைக்கு விடியும் முன்பே எழுந்து தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்பும் முன்னால் நான் சொல்லிக்கொடுத்தபடியே தண்டவாளம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்து, லைன் சுத்தமா கீதும்மா என்றாள். அப்புறம்தான் ஐயர் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, நம் ஊர் வழக்கப்படி சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். எஞ்சின் மறைத்ததால் அவள் அதைப் பார்க்கவில்லை.

நான் ஹாரன் அடித்தேன். பச்சைக் கொடி தூக்கினாள். வண்டி அசைந்தது. அந்த நேரத்தில்தான் அவள் கண்ணில் மஞ்சளாக ஏதோ பட்டிருக்கிறது. பச்சையைக் கீழே போட்டுவிட்டுச் சிவப்பைத் தூக்கினாள். நான் பிரேக் போட்டேன். எலுமிச்சம்பழம் வைத்தது எனக்குத் தெரியும். எதற்கு வைப்பார்கள் என்றும் தெரியும். ஆனால் அவள் பார்த்தது அதைத்தான் என்று எஞ்சினில் உட்கார்ந்திருந்த எனக்கு எப்படித் தெரியும்? வேறு பிள்ளையின் கை காலாக இருந்தால்? தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

தலைவரின் கண்ணாடி கீழே விழுந்தது. பேரன் சிரித்தான். வீட்டம்மா நெஞ்சில் கை வைத்து அபசகுனம் என்றார். அவ்வளவுதான், பார்க் முழுக்க அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. ரமணா சார் ஓடி வந்து பச்சையைக் காட்டு என்று அகிலாவை அதட்டினார். அவள் அழவில்லை. அத்த எடுத்துட்டா காட்டறேன் சார் என்றாள். சக்கரம் ஏறாமல் எடுக்கக் கூடாது என்று ஐயர் சொல்ல, எடுக்காமல் பச்சை காட்ட மாட்டேன் என்று இவள் நிற்க, நடுவில் ரமணா சார் தானே கொடியைப் பிடுங்கி ஆட்டி, நீ போம்மா போ என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் போகவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சிவப்புக் காட்டியவர் இறக்கினால்தான் வண்டி போகும், பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழத்தைக் காட்டினேன். நீங்கள் பைக் வாங்கியபோது வைத்தோமே, ஞாபகமில்லையா என்று கேட்டேன். பைக்கு ஒதுங்கும், ரயிலு ஒதுங்காதுன்னு நீதானம்மா சொன்னே என்றாள். இது நசுங்கிப் போகும், வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன். குனிந்து பார்த்தாள், விரலால் அமுக்கிப் பார்த்தாள். வெக்கறத்துக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிட்டு வெச்சிருக்கலாம்ல என்றாள். பிறகு போய் நின்று அழகாகப் பச்சை காட்டினாள். வண்டி பழத்தின் மேல் ஏறிப் போயிற்று, ஒரு சுற்று வந்தது, எல்லோரும் இறங்கினார்கள். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கிளம்பிவிட்டார். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்காக நடுங்கியவர்கள்தான் ஆயிரம் சொன்னார்கள்.

மறுநாள் ரமணா சார் கூப்பிட்டுச் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பரிகாரப் பூஜை. தலைவர் வீட்டம்மா வருவார். அகிலா எல்லோர் முன்னாலும் அவர் காலில் விழுந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு மேல் பிள்ளைகள் கையில் கொடியே கிடையாது. ஏற்று, பாட்டுப் போடு, சுற்று, இறக்கு. முடியாது என்றால் எனக்கு வேலை கிடையாது. அந்த அம்மா இப்படிக் கேட்டாரா என்று கேட்டேன். கேட்கவில்லையாம். கேட்பதற்கு முன்னால் நாமே செய்துவிட வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். வேலையை விட மனமில்லாமல் உண்மையாகவே யோசித்தேன்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் முடித்துவிட்டீர்கள். சித்தப்பாவிடம் போனிலேயே, அவங்க ரெண்டு பேரும் வந்து கால்ல வுழுவாங்க, நானு பொறுப்பு என்று சொன்னீர்களாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். நீங்கள் பெண்டாட்டி தலையையும் பெண்ணின் தலையையும் எடுத்து அள்ளிப் பரிமாறியிருக்கிறீர்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு குனிவது உங்களுக்குச் சுலபம், குனியப்போவது உங்கள் முதுகு இல்லை.

என் தலை போகட்டும். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அகிலாவைப் போனில் கூப்பிட்டு என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? பெரியவங்க இன்னா பண்ணாலும் ஒரு காரணம் இருக்கும், கண்ல பட்டாலும் நீ கம்முனு இருக்கணும், ஸாரி சொல்லிடு கண்ணு என்றீர்கள். அவள் சரி நைனா என்றாள். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளிக்கூட ஆட்டோவில் இவளோடு பக்கத்து வீட்டு பிரித்திகாவும் போவாள், யு.கே.ஜி. படிக்கும் குழந்தை. நேற்று திரும்பும்போது அந்தக் குழந்தை ஏறிக்கொண்டிருந்தாள், ஒரு கால் உள்ளே, ஒரு கால் ரோட்டில். டிரைவர் கண்ணாடியைப் பார்க்காமல் எடுத்துவிட்டார். குழந்தை விழுந்து, பை கம்பியில் மாட்டி, கொஞ்ச தூரம் இழுபட்டிருக்கிறாள். கடைக்காரர் ஒருவர் கத்தி நிறுத்தினார். முழங்கையெல்லாம் தோல் உரிந்து, தாடையில் தையல். சக்கரம் ஏறவில்லை, அந்தக் கங்கம்மாதான் காப்பாற்றினாள்.

நான் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தபோது அகிலா சாப்பிடாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து மடியில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் சொன்னாள். நானு பார்த்தேம்மா, அவ ஏறல, எனக்குத் தெரியும், நிறுத்துன்னு வாய் வரைக்கும் வந்துச்சு என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒருவேள அவ ஏறியிருந்தான்னா? சும்மானா நிறுத்திட்டேன்னு ஆட்டோ மாமா கால்லயும் வுழணுமே என்றாள்.

வெள்ளிக்கிழமை அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் அசையாமல் நின்ற பிள்ளை. அதே பிள்ளை நேற்று ஒரு ஆட்டோக்காரரிடம் நிறுத்து என்று சொல்ல யோசித்திருக்கிறாள். நடுவில் நடந்தது நீங்கள் செய்த ஒரு போன். உங்களை நோகடிக்க எழுதவில்லை. அடடா, பொய் எழுதிவிட்டேன். நோக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு நொந்தது உங்களுக்கும் நோகட்டும்.

எலுமிச்சம்பழத்துக்குச் சிவப்புக் காட்டியது தப்பாகவே இருக்கட்டும். சும்மா நிறுத்தினால் என்ன நஷ்டம்? ஒரு கண்ணாடி விழுந்தது. அதற்காகப் பிள்ளையைக் காலில் விழ வைத்தால், அவள் நிறுத்த வேண்டிய இடத்திலும் நிறுத்த மாட்டாள். நாளைக்கு அவள் கிட்டத்தில் ஒருத்தன் தப்பாக வந்தாலும் கையைத் தூக்கும் முன், சும்மாவாக இருந்தால் என்ன செய்வது என்று யோசிப்பாள். பெண்ணைப் பெற்றவர் நீங்கள். இதற்கு மேல் நான் விளக்கமாக எழுத மாட்டேன்.

இன்று காலை ரமணா சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருவோம். பூஜை செய்யுங்கள், சாமி கும்பிடுகிறோம், பிரசாதம் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம். அகிலா யார் காலிலும் விழ மாட்டாள், நானும் விழ மாட்டேன். அந்த அம்மா பயந்து போனதற்கு எனக்கு வருத்தம்தான், அதை நானே அவர் கையைப் பிடித்துச் சொல்வேன். அது வேறு. பிள்ளைகளின் கொடியை எடுத்துப் பெட்டியில் பூட்டுவதாக இருந்தால் எஞ்சின் சாவியையும் அதே பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், பாட்டுப் போட்டுச் சுற்றுவதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். நிறைய வாய் உனக்கு என்றார். ஆமாம் சார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யோசி என்றார். நீங்களும் யோசியுங்கள் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேலை போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். ஸ்ரீசிட்டிக் கம்பெனிகளுக்கு இங்கிருந்து பஸ் போகிறது, பெண்களைத்தான் தேடித் தேடி எடுக்கிறார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும், அதுதான் கவலை. சனிக்கிழமை காலை அந்தப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் ரேணிகுண்டா என்று கத்தும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களிடம்கூட இதுவரை சொன்னதில்லை. அது போய்விடும் என்று நினைத்து நேற்று அழுதேன். அழுதுவிட்டுத்தான் இன்று போய்ப் பேசினேன்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சித்தப்பாவைக் கூப்பிட்டு, என் வீட்டுக்காரி சார்பில் நான் சொன்னது செல்லாது என்று சொல்லுங்கள். எனக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்தவர், மரியாதை போய்விடும் என்று கத்துவார். கத்தட்டும். எனக்கு ஆதரவாகப் பேசச் சொல்லவில்லை. எனக்குப் பேச வாய் இருக்கிறது. உங்கள் வார்த்தையை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

இன்னொன்று, அதுதான் பெரிசு. சொன்னது தப்பு என்று அகிலாவிடம் நீங்களே சொல்ல வேண்டும். நான் நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நைனா சொன்னாரே என்கிறாள். அவளுக்கு நீங்கள் சொன்னால்தான் வேதம். கோபத்தில் இதையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நிறுத்துன்னு சொல்லலாம், சும்மாவா போனாலும் பரவால்ல, நைனா உன் பக்கம் என்று உங்கள் வாயால் ஒருமுறை அவள் கேட்க வேண்டும்.

வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதீர்கள். முதுகு வலிக்கு வேப்பெண்ணெய் அனுப்பியிருக்கிறேன், அண்ணாதுரை அண்ணன் மறந்தாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெருமாளும் கங்கம்மாவும் உங்களைக் காப்பாற்றட்டும்.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. அன்றைக்குக் கூப்பிடுங்கள். பிரித்திகா விழுந்ததிலிருந்து உங்கள் நம்பரைப் பார்த்தாலே இவள், குளிக்கப் போறேன், நீ பேசும்மா என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போகிறாள். வெள்ளிக்கிழமை நான் எடுக்க மாட்டேன். அவள் எடுக்கும் வரைக்கும் அடித்துக்கொண்டே இருங்கள்.

உங்கள் மேல் கோபம் தீராத, ஆனாலும் உங்களுடைய,
சந்தியா